மழையை நம்பிய குடும்பம் ஆர்டரை நம்பத் தொடங்கும்போது

கமுதி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. "எனக்கு வயது 39. அப்பா விட்டுச்சென்ற நான்கு ஏக்கர் மானாவாரி நிலத்தில் நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறேன். தொடர்ந்து இரண்டு வருடம் வெள்ளாமை கைக்கு வரவில்லை. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் இருக்கிறது. அது போக, தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 1,20,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சான், ஒரு நாளைக்கு 850 ரூபாய் வாங்குவதாகவும் குடும்பத்தோடு வந்துவிடும்படியும் சொல்கிறார். நிலத்தைக் கேட்டு ஒரு தரகர் வந்திருக்கிறார். இந்த மாத இறுதிக்குள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பவர் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் ஐந்தாம் வகுப்பும் ஊருக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அம்மா எங்களோடு இருக்கிறார். மண்ணை விட்டு ஓடுகிறவன் என்று ஊரில் சிலர் பேசுவது மனதை அறுக்கிறது. நான் செய்யப்போவது சரியா?"

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்களைத் தூங்கவிடவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஊரை விட்டுப் பிழைக்கப் போவது உங்கள் மாவட்டத்தில் உங்களோடு தொடங்கிய பழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கும், பிறகு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போனவர்களில் இராமநாதபுரத்துக்காரர்கள் ஏராளம். இன்று உங்களை ஏசுகிறவர்களின் வீட்டிலேயே, விசாரித்தால், கடல் தாண்டிய ஒரு பாட்டனார் இருப்பார். எனவே அந்தப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த வேண்டியவை கணக்குகள். அவற்றில் இரண்டு மூன்றை நீங்கள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

உங்கள் நிலை ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு உங்கள் உழைப்பில் குறை தேட வேண்டியதில்லை. இந்தியாவில் வேலை செய்கிறவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள், ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் வேளாண்மையின் பங்கு சுமார் 18 சதவீதம்தான். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பகுதியினர் வெளியேற முயல்வது இயல்பு. தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்கில் நீங்கள் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் வசதிக்காரர். ஆனால் கண்மாய் மேடிட்டு, வரத்துக்கால் அடைபட்டு, பக்கத்துத் தரிசுகளையெல்லாம் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்ட ஒரு மானாவாரிப் பகுதியில் நான்கு ஏக்கர் என்பது தஞ்சாவூரின் நான்கு ஏக்கர் ஆகாது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற வேளாண்மையில், மழையின் மொத்த அளவைவிட அது எந்த வாரத்தில் பெய்கிறது என்பதே உங்கள் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

இங்கே பொருளாதார அறிஞர்கள் சொன்ன இரண்டு கருத்துகளை எடுத்து வைக்கிறேன், இரண்டும் உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துப் பேசத் தக்கவை. 1970இல் ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இருவர், கிராமத்தான் நகரத்துக்குக் கிளம்புவது அங்கே கிடைக்கும் கூலியைப் பார்த்து மட்டுமன்று, அந்தக் கூலி தனக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அவன் மனதில் போடும் மதிப்பையும் பார்த்துத்தான் என்றார்கள். உங்கள் மச்சான் சொன்ன 850 ரூபாயை இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அவர் ஒன்பது வருடம் மெஷினில் உட்கார்ந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் தைத்த நாளின் கூலியாக இருக்கும். ஓவர்லாக், பேட்லாக் என்கிற தையல் மெஷின்கள் எதுவும் தெரியாத நீங்கள் போன முதல் நாளே டெய்லராக உட்கார முடியாது. டெய்லருக்குத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கும் கைமடியாகவோ, பேக்கிங் பகுதியில் உதவியாளராகவோதான் சேர்வீர்கள். அவருடைய கூலியை உங்கள் கூலியாக எண்ணிக் குடும்பத்தைக் கிளப்புவது, பக்கத்து வயலின் விளைச்சலை வைத்துக் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நான் எடுத்துக்கொள்வது வெறும் எடுத்துக்காட்டு, உங்கள் மச்சானிடம் கேட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். தொடக்கத்தில் உங்களுக்கு ஷிப்டுக்கு 400 ரூபாய், மாதம் 25 ஷிப்ட் என்று வைத்தால் 10,000 ரூபாய். நீங்கள் மட்டும் போய் நான்கைந்து பேரோடு அறையில் தங்கினால், அறைப் பங்கு 1,500, சாப்பாடு 4,000, கைச்செலவு 1,000 போக 3,500 ரூபாய் மிஞ்சும். குடும்பத்தோடு போனால், உங்கள் மனைவியும் செக்கிங் வேலைக்கு 350 ரூபாய்க்குப் போவதாக வைத்து இருவர் வருமானம் 18,750 ரூபாய். லைன் வீட்டு வாடகை, கரண்ட், தண்ணீர் 6,000, ஊரில் வயலும் ரேஷனும் தந்த அரிசியையும் வீட்டுப் பாலையும் விலைக்கு வாங்கும்போது சாப்பாடு 8,000, பிள்ளைகளின் படிப்புக்கும் பஸ்ஸுக்கும் 2,000 போனால் மிஞ்சுவது 2,750. இரண்டு பேர் உழைத்து மிஞ்சுவது ஒருவர் மட்டும் உழைத்து மிச்சம் பிடித்ததைவிடக் குறைவு. வீட்டுக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய அட்வான்ஸை நான் இதில் சேர்க்கவே இல்லை. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நீங்கள் மெஷின் பழகி டெய்லர் ஆகிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், அப்போது குடும்பத்தோடு இருப்பதே லாபம். திருப்பூரில் வேர்விட்ட ஆயிரக்கணக்கான தென்மாவட்டக் குடும்பங்கள் அப்படித்தான் நிலைத்தன. அதாவது உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை, தன்னுடைய இன்றைய நாளை உங்களுடைய முதல் நாளாகக் காட்டிவிட்டார், அவ்வளவே.

இரண்டாவது கருத்து 1985இல் ஒடெட் ஸ்டார்க்கும் டேவிட் புளூமும் எழுதியது. இடப்பெயர்வு என்பது தனி ஆளின் முடிவு அன்று, குடும்பம் தன் ஆபத்தைப் பல இடங்களில் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்பது அவர்கள் சொன்னதன் சாரம். எல்லா முட்டையையும் ஒரே கோழியின் கீழ் அடை வைக்காத நம் ஊர்ப் பெண்களுக்கு இது எப்போதோ தெரிந்த விஷயம்தான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் நகரம் ஆபத்தே இல்லாத இடம்போல வருகிறது. திருப்பூரின் கடந்த பதினைந்து ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, சாயம் இல்லாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை என்று வரிசையாக வேலை நின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அறைகளில் முடங்கியவர்கள் எப்படியாவது ஊர் போய்ச் சேரத் தவித்ததை நாமெல்லாம் பார்த்தோம். 2022இல் நூல் விலை ஏறியபோது உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, அந்தச் சந்தையை நம்பியிருந்த கம்பெனிகளில் ஆர்டர்கள் நின்றன. நீங்கள் மழையை நம்பிய பிழைப்பை விட்டு ஆர்டரை நம்பிய பிழைப்புக்குப் போகிறீர்கள். ஆனால் மழை பொய்க்கிற வருடமும் ஆர்டர் பொய்க்கிற வருடமும் பெரும்பாலும் ஒன்றாக வருவதில்லை. ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட இரண்டையும் கையில் வைத்திருக்கிற குடும்பமே தாக்குப்பிடிக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இடம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்டுக் குறித்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 2020 ஏப்ரலில் திரும்பிப் போக ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும் இருந்தவர்களின் பேச்சும் இல்லாதவர்களின் பேச்சும் ஒரே மாதிரி இருக்கவில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். தரகர் கேட்பது போல் பவர் எழுதிக் கொடுக்க உங்களால் முடியுமா என்பதே எனக்கு ஐயம், ஏனெனில் பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருவர் இருப்பதையும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறவராக இருந்து, அந்த நிலம் உங்கள் தந்தை தாமே சம்பாதித்ததாகவும் அவர் உயில் எழுதாமல் இறந்ததாகவும் இருந்தால், உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. நான்கு ஏக்கரில் உங்களுடையது 1 ஏக்கர் 33 சென்ட்தான். பாட்டனார் வழி வந்த பூர்வீகச் சொத்தாக இருந்தால் பங்குகள் வேறுபடும், ஆனால் அதிலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு. தமிழ்நாடு 1989இல் இதற்கு வழி திறந்தது, 2005ஆம் ஆண்டின் திருத்தம் நாடு முழுமைக்கும் அதை உறுதி செய்தது. அம்மாவும் தங்கையும் கையெழுத்திடாமல் நீங்கள் மட்டும் அட்வான்ஸ் வாங்கினால், நாளை வழக்கில் சிக்குவது நீங்களாகத்தான் இருப்பீர்கள். பவர் பத்திரம் என்பது உங்கள் கையை வெட்டி இன்னொருவர் சட்டைப் பைக்குள் வைப்பது போன்றது. என்ன விலைக்கு, யாருக்கு, எப்போது விற்கலாம் என்பதெல்லாம் அதன்பிறகு உங்களிடம் இருக்காது. உங்கள் பகுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபிறகு தரிசுக்கும் ஆள் தேடி வருவதை நான் அறிவேன். அவசரப்படுத்துகிற தரகருக்கு அந்த நிலத்தின் வருங்கால மதிப்பு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

விற்கச் சொல்லித் தள்ளுவது கடன்தான் என்பது எனக்குப் புரிகிறது. மூன்று வட்டி என்றால் 1,20,000 ரூபாய்க்கு மாதம் 3,600. மேலே நீங்கள் தனியாகப் போனால் மிஞ்சும் என்று போட்ட 3,500 ரூபாயை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் திருப்பூரில் ஒரு வருடம் உழைத்தும் வட்டியைத்தான் கட்டியிருப்பீர்கள், அதுவும் மாதம் நூறு ரூபாய் குறைவாக. எனவே பயணத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டியது இந்தக் கடன், அதற்கு நிலம் கையில் இருப்பது தடையில்லை, உதவி. 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு வங்கிகள் அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியிருக்கிறது. பயிர்க்கடனை எடுத்து வட்டிக்காரருக்குக் கொடுக்கச் சொல்லவில்லை, அது பயிருக்கான பணம். ஆனால் சாகுபடிச் செலவைப் பயிர்க்கடன் ஏற்றுக்கொண்டால், இந்த வருட மிளகாய் வத்தல் விற்று வருகிற பணத்தை அடுத்த விதைப்புக்கென்று ஒதுக்காமல் மூன்று வட்டிக் கடனின் அசலில் கட்டலாம். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் உடனே விலை ஏறிவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன், ஆனால் இன்னும் விலை போகிற ஒரு சரக்கு உங்களிடம் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டையும் விடாதீர்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் பருவ நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம், மிளகாய்க்கு ஐந்து சதவீதம். நிலம் தரிசாகக் கிடந்தால் இவை எதுவும் கிடையாது, கருவேலம் மட்டும் இலவசமாக வரும்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அங்கேதான் கவலை அதிகம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இந்த நேரத்தில் பள்ளி மாற்றுவது, அதுவும் ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வருகிற பெற்றோரை எதிர்பார்த்து லைன் வீட்டில் தம்பியைக் கவனித்துக்கொண்டு படிப்பது, எந்தப் பிள்ளைக்கும் சுமை. இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளி மாணவிகளை மனதில் வைத்து வகுத்ததே. திருப்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் போட்டால்கூட அந்த உள்ஒதுக்கீட்டுத் தகுதி போய்விடும். பத்தாவது முடித்த பெண் "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், நாலு மாசம் கம்பெனிக்கு வரட்டுமே" என்று யாராவது சொல்வார்கள். திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கொங்குப் பகுதி நூற்பாலைகளில் சிறுபெண்களை மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் இப்படிப்பட்ட பேச்சுகளின் மேல்தான் வளர்ந்தது.

ஆகவே நான் சொல்வது இது. தை, மாசியில் நெல் அறுவடை முடிந்தபின் நீங்கள் மட்டும் மச்சானிடம் போங்கள். மிளகாய்ப் பழம் பறித்துக் காயவைப்பதை உங்கள் மனைவியும் அம்மாவும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். ஆவணி முடிய அங்கே இருந்து, மிஞ்சிய நேரத்திலெல்லாம் மெஷின் பழகுங்கள், உதவியாளராகவே இரண்டு வருடம் கழிந்தால் அந்தப் பயணத்தில் பொருள் இல்லை. விதைப்புக்கு ஊர் திரும்பி, நிலத்தின் நிலையையும் கையின் பழக்கத்தையும் பார்த்து அடுத்த வருடத்தை முடிவு செய்யுங்கள். குடும்பத்தை அழைத்துப் போவதாக இருந்தால் அது மகளின் பொதுத்தேர்வுக்குப் பிறகு, அங்கே அரசுப் பள்ளிக்கு அருகில் வீடு பார்த்தபின் இருக்கட்டும். வேலைக்குச் சேரும் இடத்தில் இஎஸ்ஐ, பிஎஃப் உண்டா என்று கேளுங்கள். இஎஸ்ஐக்கு உங்கள் கூலியில் பிடிப்பது 0.75 சதவீதம், நானூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய், அதற்குக் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடத்தும், பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் கூடங்களில் இது இருக்காது. அங்கே கூலி கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ரேஷன் அட்டையை ஊரிலிருந்து மாற்றாதீர்கள், அது உங்கள் அம்மாவின் சோறு.

வடமாநிலத்தவர் வந்து கூலியைக் குறைத்துவிட்டதாக மச்சான் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். ஆள் கூடினால் கூலி ஏறுவது மெதுவாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர் சொல்கிற கதையில் கண்மாய்க்குப் பதில் வேறொரு நீர்நிலையும் மிளகாய்க்குப் பதில் வேறொரு பயிரும் இருக்கும், மற்றதெல்லாம் உங்கள் கடிதம்தான். சீனாவில் 1958இல் கொண்டுவந்த குடும்பப் பதிவு முறையால், நகரங்களைக் கட்டியெழுப்பிய கோடிக்கணக்கான கிராமத்தவர்கள் அந்த நகரங்களின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உரிமையற்றவர்களாக நீண்டகாலம் வாழ்ந்தார்கள், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நம் நாட்டில் அப்படியொரு சட்டத் தடை இல்லை. ஆயினும் மொழி தெரியாமல், இருப்பிடச் சான்று இல்லாமல் திருப்பூருக்கு வருகிறவருக்கு அந்தத் தடையின் நிழல் உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்தது அந்த நிழலைக் கொஞ்சம் குறைத்தது.

திருப்பூரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரத்துப்பாளையம் நினைவுக்கு வரும், உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட அணை அது. மேலே திருப்பூர் வளர வளர, அணையில் தேங்கியது சாயக்கழிவு. அந்த நீர் பாய்ந்த ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்கள் உப்பேறிப் போயின. வேளாண்மை கைவிட்டவர்களுக்குச் சோறு போட்ட ஊர், ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் வேறு சிலரை வேளாண்மையை விடச் செய்தது. நகரம் தருவதையும் எடுப்பதையும் ஒரே ஆளிடம் காட்டுவதில்லை.

இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நீங்கள் தனியாகப் போனால் வயல், மாடு, மாமியார், இரண்டு பிள்ளைகள், வட்டிக்காரர் எல்லாம் அவர் தலையில். குடும்பத்தோடு போனால் நின்றபடி எட்டு மணி நேரம் செக்கிங், அதன்பின் சமையல். மேலே போட்ட கணக்கை அவரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் திருத்துகிற இடங்கள் இருக்கும்.

தரகரிடம் இப்போது சொல்ல வேண்டியது, பட்டா மாறாமல் எந்தப் பேச்சும் இல்லை என்பதுதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், இ-சேவை மையத்திலேயே கொடுக்கலாம். அது கைக்கு வந்ததும் அம்மா, தங்கை பெயர்களோடு கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே தாள்களோடு கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பற்றிக் கேளுங்கள். மூன்று வட்டிக்காரரிடம் கையெழுத்திட்ட புரோநோட்டோ வெற்றுத்தாளோ இருந்தால், நிலத்தைப் பற்றி யாரிடமும் எதிலும் கையெழுத்திடும் முன், முதுகுளத்தூர் அல்லது பரமக்குடி நீதிமன்றத்தில் உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமோ, இலவச சட்ட உதவி மையத்திலோ அதைச் சொல்லிவிடுங்கள்.